முதுகுப் பக்கத்து விளக்கு

மோட்டார் சைக்கிளில் ஹெட்லைட் போனால் ஓட்டுகிறவனுக்கு உடனே தெரியும். ஹாரன் போனால் தெருவே சந்தோஷப்படும். பிரேக் லைட் போனால் மட்டும் சம்பந்தப்பட்ட ஆசாமிக்குத் தெரியவே தெரியாது. நம்பர் பிளேட்டை விட்டால், நம் வண்டியில் முழுக்க முழுக்க அடுத்தவருக்காகவே இருக்கிற சாமான் அது ஒன்றுதான். அதனாலேயே கவனிக்க நாதியில்லை.

கண்டனூரில் என் அத்தை மகன் இருக்கிறான். தினமும் பைக்கில் காரைக்குடி ஆபீசுக்குப் போய் வருகிறவன். புதுவயல் பக்கம் அரிசி ஆலைகள் ஜாஸ்தி, ஆகவே லாரிகளும் ஜாஸ்தி. ஒரு நாள் சாயங்காலம் நெல் லாரிக்காரர் ஒருவர் இவனை ஓரம் கட்டச் சொல்லி, நிதானமாக இறங்கி வந்து கேட்டாராம்: "தம்பி, நீ பிரேக் போடுறியா, இல்ல சும்மா யோசிக்கிறியா? பின்னாடி எங்களுக்கு ஒண்ணும் விளங்கலையே!"

தங்கமான மனுஷர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகம் என்றால் செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர். சிவப்பு விளக்கைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகவே ஒரு செகண்டு பிடிக்கும். விளக்கும் இல்லையென்றால், முன்னால் போகிற வண்டி கிட்டே வருகிறது என்று கண் கண்டுபிடித்து மூளைக்குச் சொல்ல மேற்கொண்டு கொஞ்சம் ஆகும். லாரி நிறைய நெல் மூட்டைக்கு அந்தக் 'கொஞ்சம்' எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அத்தான், புது பல்பு போட்டுட்டேன். அப்பவும் எரியல" என்றான். எல்லோரும் முதலில் பல்பைத்தான் தண்டிப்பார்கள். அதற்கு முன் சாவியைத் திருப்பி, கை பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள்; பிறகு கால் பிரேக்கை மிதியுங்கள். கைக்கு எரிந்து காலுக்கு எரியவில்லை என்றால் பல்பு நிரபராதி. இரண்டுக்குமே எரியாவிட்டால்தான் பல்பு, ஃபியூஸ் என்று போக வேண்டும். (ராத்திரி பின் விளக்கு எரிகிறதே என்று ஏமாற வேண்டாம். சாதா பல்புக்குள் இரண்டு இழை. 5 வாட் இழை எரிந்துகொண்டிருக்கும்போதே 21 வாட் பிரேக் இழை பரலோகம் போயிருக்கலாம்.)

இவன் வண்டியில் கைக்கு எரிந்தது. மாப்பிள்ளை கை பிரேக்கைத் தொடுவதே இல்லை. அது தனி வியாசம்.

கால் பிரேக்கின் ஸ்விட்ச், வலது ஃபுட்ரெஸ்டுக்கு மேலே பேனா மூடி சைஸில் ஒளிந்திருக்கும். அதன் அடியிலிருந்து ஒரு மெல்லிசான ஸ்பிரிங் பெடலுக்குப் போகும். மிதித்தால் ஸ்பிரிங் இழுக்கும், உள்ளே தகடு தொடும், விளக்கு எரியும். அவ்வளவுதான் விஞ்ஞானம். இடம்தான் மோசம். சேறு, மழை, வாட்டர் சர்வீஸ் எல்லாம் அதன் தலையில்தான். ரப்பர் மூடியைத் தள்ளிப் பார்த்தால், ஒயர் முனைகளில் பித்தளை அண்டாவில் பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு! உலோகம் அரிப்பதைப் பற்றியும் ஆராய்கிற சிக்ரி காரைக்குடியில் 1953-லிருந்து இருக்கிறது, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில். அதே ஊருக்குத் தினம் போய் வருகிற வண்டியில் இந்த அழகு.

இரண்டு ஒயரையும் கழற்றி, முனைகளை ஒரு ஜெம் கிளிப்பால் சேர்த்தேன். பளிச்! ஆக ஒயரிங்கில் கோளாறில்லை. (கிளிப் வண்டியின் இரும்பில் படக்கூடாது, ஃபியூஸ் போய்விடும்.) உப்புத்தாளால் களிம்பைத் தேய்த்து மாட்டினேன். எரிந்தது. ஆனால் பெடலில் ஏறி நின்றால்தான் எரிந்தது.

"போன மாசம்தான் பின் பிரேக்கை டைட் வச்சாங்க" என்றான். அங்கேதான் இருந்தது சூட்சுமம். டிரம் பிரேக்கை டைட் வைத்தால் பெடல் இறங்குகிற தூரம் குறையும். ஸ்பிரிங்குக்கு இழுவை போதாமல் பிரேக் பிடித்தபிறகு சாவகாசமாக விளக்கு வரும், அல்லது வராது. பிரேக்கைத் தொட்டால் ஸ்விட்சையும் தொட வேண்டும். பாதி ஒர்க்‌ஷாப்புகளில் செய்வதில்லை. ஸ்விட்சின் உடம்பைத் திருகாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்பினால் ஸ்விட்ச் மேலே ஏறும், விளக்கு சீக்கிரம் வரும். ரொம்ப ஏற்றினால் மிதிக்காமலே எரிந்துகொண்டிருக்கும். அது 'புலி வருது' கதை, எரியாததைவிட ஆபத்து. பெடலை லேசாக அமுக்கி, பிரேக் பிடிக்கப் போகிற சமயத்தில் எரிய வேண்டும். இதற்கும் மசியாத ஸ்விட்சை மாற்றிவிடுங்கள், விலை அற்பம்.

தனியாகப் பார்க்க இருட்டுகிற நேரத்தில் ஒரு சுவரைப் பார்த்து வண்டியின் பின்பக்கத்தை நிறுத்தினால் போதும். கண்டனூரில் சுவருக்கா பஞ்சம்? இந்தத் தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் சிவப்பு விழுந்து விழுந்து மறைய, ஆச்சி வெளியே வந்துவிட்டார்.

"என்னப்பா செய்யிறீக, சுவரெல்லாம் செவப்பா மின்னுது?"

"பிரேக் லைட், ஆச்சி. நிக்கப் போறேன்னு பின்னாடி வர்றவுகளுக்கு முன்கூட்டியே சொல்றது."

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒங்க ஐயாவுக்கும் ஒண்ணு மாட்டிவிடப்பா. பேச ஆரம்பிச்சா எப்ப நிறுத்துவாகன்னே தெரியல."