புதுசு என்றால் சுத்தமா?

“எல்லாமே புதுசாப் பிரிச்சுதானே போடுவீங்க?” ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் வீட்டார் கேட்கிற கேள்வி. ஒருமுறை எடுத்து எறிவதுதான் பாதுகாப்பு, கழுவி எடுப்பது கஞ்சத்தனம் என்ற நம்பிக்கை அதில் ஒளிந்திருக்கிறது. ஊசிக்கும் சிரிஞ்சுக்கும் அது முற்றிலும் சரி. எகிப்தில் 1980கள் வரை, ஒழுங்காகக் கொதிக்கவைக்காத சிரிஞ்சுகளால் ஊர் ஊராக ஊசி போட்டு, ஹெபடைடிஸ் சி பெருவாரியாகப் பரவியது. அந்தப் பயத்தை எஃகுக் கத்தரியின் மேலும் இடுக்கியின் மேலும் ஏற்றுவதைத்தான் மறுக்கிறேன்.

இங்கிலாந்து அரசே இந்தப் பயத்துக்கு ஆட்பட்டது. பைத்திய மாட்டு நோயின் மனித வடிவம் டான்சில் வழியே தொற்றுமோ என்று அஞ்சி, 2001 ஜனவரியில் டான்சில் அறுவைக்கு எறியும் கருவிகளைக் கொண்டுவந்தது. அந்தக் கருவிகளோடு இரத்தப்போக்கு கூடியது. டிசம்பரிலேயே பழைய கருவிகளுக்குத் திரும்பச் சொன்னார்கள். வராத நோய்க்குப் பயந்து, வந்தே தீர்ந்த ஆபத்தை வாங்கியதுதான் மிச்சம்.

மதுரைக்கு வாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரைக் கருவிகள் நீராவியில் சுத்தமாகி அடுத்த நோயாளிக்கு வருகின்றன. ஓர் அறுவைக்குக் கால் கிலோ அளவே குப்பை. கார்பன் வெளியேற்றம் சுமார் 6 கிலோ என்று 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. பிரிட்டனில் இதே சிகிச்சைக்குச் சுமார் 180 கிலோ. அரவிந்தில் கண்ணுக்குள் கிருமி தொற்றியதோ பத்தாயிரத்துக்கு நாலு பேருக்குத்தான். அமெரிக்கக் கண் சிகிச்சைப் பதிவேட்டிலும் ஏறக்குறைய அதே கணக்கு. அப்படியானால் எறியும் கருவிகளின் குப்பை எந்தக் கண்ணைக் காப்பாற்றியது?

சுத்தம் பிளாஸ்டிக் உறையில் இல்லை, கழுவும் கையில் இருக்கிறது. இரத்தம் காய்வதற்குள் ஊறவைக்கவேண்டும். கீலைத் திறந்து பிரஷ் போடவேண்டும். பிறகுதான் ஆட்டோகிளேவ், 134 டிகிரி நீராவி. கீலுக்குள் அழுக்கு ஒட்டியிருந்தால் நீராவி அதன் அடியில் சரியாகப் போய்ச் சேராது. உண்மையிலேயே பயப்படவேண்டிய இடம் இதுதான். கருவிகளைக் கழுவும் அறையில் வேலை செய்பவருக்குப் பயிற்சியும் நேரமும் தராமல், எறியும் செட்டை வாங்கி நோயாளியின் பில்லில் ஏற்றுவது பாதுகாப்பு ஆகாது. அது கைகழுவல்.

அடுத்த முறை “புதுசா?” என்று கேட்காதீர்கள். “ஆட்டோகிளேவுல கிருமி சாகுதான்னு பாக்குற ஸ்போர் டெஸ்ட் கடைசியா எப்போ வெச்சீங்க?” என்று கேளுங்கள்.