தகுதியின் பெயரால்

வைத்தியத் துறையின் உயர்படிப்புக்கு ஆள் தெரியும்பொழுதெல்லாம் 'தகுதி' என்னும் சொல் மந்திரம்போல் உச்சரிக்கப்படுகிறது. யாருடைய தகுதி? எதற்கான தகுதி? இவ்வாறு கேட்போரைத் தரத்தின் பகைவர் என்று தூற்றுவதும் வழக்கமாகிவிட்டது. இவ்வாதத்தின் உள்ளீடின்மையை அயல்நாடாகிய இந்தியாவின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

அங்கு 2017 முதல் முதுநிலை 'நீட்' பரீட்சையே நிபுணத்துவப் படிப்பின் வாயில். 200 வினாக்கள்; மூன்றரை மணி நேரம்; சரியான விடைக்கு 4 புள்ளி, பிழையான விடைக்கு 1 புள்ளி கழிவு. ஒருவர் சத்திரசிகிச்சை பயில்வதா, மகப்பேற்று மருத்துவம் பயில்வதா என்பதை இதன் வரிசை எண்ணே நிர்ணயிக்கிறது. நள்ளிரவில் பிரசவ வேதனையோடு வந்த ஏழைப் பெண்ணின் உயிர்காத்த கைகளின் பக்குவத்துக்கு இவ்வினாத்தாளில் இடமில்லை.

கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உழைக்கும் அரசாங்க வைத்தியர்களுக்குத் தமிழ்நாடு தன் பங்கு இடங்களில் பாதியை ஒதுக்கிவந்தது. தரம் தாழ்ந்துவிடும் என்ற கூக்குரல் எழுந்தது. 2017இல் அவ்வொதுக்கீடு தடைப்பட்டது. மாநிலங்களுக்கு அவ்வுரிமை உண்டென இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளிக்கும்வரை அவ்வைத்தியர்கள் போராட வேண்டியிருந்தது.

ஆனால் 2023இல் நடந்ததென்ன? இடங்கள் நிரம்பாது கிடந்தன. உடனே தகுதி எல்லை பூச்சியமாக்கப்பட்டது. பரீட்சை எழுதிய எவரும், கழிவுப் புள்ளிகளால் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியவருங்கூட, இடம் கோரலாம் என்றாயிற்று! தனியார் கல்லூரிகளின் கட்டணமோ வறிய வைத்தியருக்கு எட்டாதது. முன்வரிசையில் நின்ற ஏழை விலக, பின்வரிசையில் நின்ற செல்வர் உள்ளே நுழைகிறார்.

"எழுதியோர் அனைவரும் ஏற்கெனவே பட்டம் பெற்ற வைத்தியர்கள்தாமே?" என்று சிலர் சமாதானம் கூறுவர். மெய்தான். அந்த நியாயம் கிராமத்து வைத்தியருக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட்டது? கல்லூரி முதலாளியின் வெற்றிடத்துக்காக வளையும் அளவுகோல், மக்கள் சேவைக்காக வளைய மறுப்பதேன்?

பரீட்சையே வேண்டாம் என்பதல்ல எமது வாதம். அறிவில்லாக் கை ஆபத்தானது. ஆனால் அறிவை அளந்தபின் அனுபவத்தையும் அளக்கட்டும். பின்தங்கிய பிரதேசங்களில் ஆற்றிய சேவைக்குப் புள்ளி வழங்கட்டும். பணத்தை வாயிலிலிருந்து அகற்றட்டும். ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களும், பரீட்சைக்கு அஞ்சி வாழும் மாணவர்களும் ஒன்றை உணர்வர்: அளவுகோலைச் செய்பவன் எவனோ, அவனது நலனே அதில் கோடாகப் பொறிக்கப்படுகிறது. அக்கோடுகளை இனி மக்கள் பொறிக்கவேண்டும்.