கழுத்தில் இல்லாத சுரப்பி

சிவகாசி என்றால் எல்லோருக்கும் முதலில் தீக்காயம்தான் நினைவுக்கு வரும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி விபத்தில் 35 பேருக்கு மேல் இறந்தபோது டிவிக்காரர்கள் எல்லாம் வந்து இறங்கினார்கள். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸுக்காக பஸ் ஏறுகிற கிட்னி நோயாளியைப் பற்றி எந்தச் சேனலும் பேசாது. அவருக்குச் சத்தம் போட்டு எதுவும் வெடிப்பதில்லையே!

அந்த நோயாளி எலும்பு வலிக்கிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது என்பார். "டயாலிசிஸ்னா அப்படித்தான் இருக்கும்" என்று பக்கத்து பெட்காரர் சமாதானம் சொல்வார். பல நேரங்களில் குற்றவாளி கழுத்தில் இருக்கிறது. தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். ரத்தத்தில் கால்சியத்தைச் சரியாக வைத்திருப்பது இவற்றின் வேலை. கிட்னி செயலிழந்தால் பாஸ்பரஸ் தேங்கும், வைட்டமின் டி வேலை செய்யும் வடிவத்துக்கு மாறாது, கால்சியம் குறையும். உடனே நான்கும் தீபாவளிக்கு முந்தைய மாதத்துப் பட்டாசு ஆலை மாதிரி ஓவர்டைம் பார்க்க ஆரம்பிக்கும். எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கும். சுரப்பிகளும் பெருத்துப் போகும். மாத்திரைக்கு அடங்காவிட்டால் ஆபரேஷன்தான்.

சிக்கலே இங்கேதான். பி.காம் படிக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஸ்டாக் ரெஜிஸ்டரில் நான்கு பெட்டி இருக்கிறது, குடோனில் மூன்றுதான் இருக்கிறது. நான்காவது எங்கே? கருவில் கீழ்ச் சுரப்பிகள் இரண்டும் தைமஸ் என்ற இன்னொரு உறுப்போடு சேர்ந்து கீழே இறங்கி வருகின்றன. சில சமயம் பாதி வழியில் நின்றுவிடும், சில சமயம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே போய்விடும். சிலருக்கு ஐந்தாவதாக ஒன்றும் இருக்கும் (ரெஜிஸ்டரிலேயே ஏறாத சரக்கு!). ஒன்றை விட்டுவிட்டாலும் வியாதி திரும்ப வரலாம்.

அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டன் இருந்தார். இவருக்குக் கிட்னியில் தொடங்கிய வியாதி இல்லை, சுரப்பியிலேயே கட்டி. எலும்பு கரைந்து ஆளே பல அங்குலம் குட்டையாகிவிட்டார். ஆறு ஆபரேஷன் செய்தும் கிடைக்காத கட்டி, 1932-ல் ஏழாவது ஆபரேஷனில் நெஞ்சுக்குள் கிடைத்தது. சில வாரங்களில் கிட்னிக் கல் தொல்லையால் இறந்துபோனார்.

இன்று செஸ்டமிபி ஸ்கேன் இருக்கிறது. ஒளிந்திருப்பதை எல்லாம் அது காட்டிவிடும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் கத்தி வைப்பதற்கு முன் எங்கே தேடலாம் என்று தெரியும். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். நல்ல விஷயம்தான். அதோடு கணக்கை மூடிவிடுவது சரியில்லை. பி.டி.எச் ரத்தப் பரிசோதனையை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். தாலுகா டயாலிசிஸ் மையத்திலேயே அதற்கு ரத்தம் எடுக்க வேண்டும், நோயாளி கேட்காமலே எடுக்க வேண்டும். கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கிற டெஸ்ட், தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிற அம்மாவுக்குக் கிடைக்காது.

ஸ்கேன் செலவையும் ஆபரேஷன் கணக்கோடு சேர்க்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் பசித்த எலும்பு கால்சியத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் பல நாள் வார்டில் கால்சியம் ஏற்றிக்கொண்டு கிடக்க வேண்டும். துணைக்கு இருப்பவருக்கும் அத்தனை நாள் கூலி போகும். அந்தச் செலவு எந்த பில்லிலும் வராது.