ஓஸ் வெடிச்சா ஆள் இறங்கணுமா?
பாதாள சாக்கடை லாரிகளின் ‘ரப்பர் நரம்பு’ பற்றி ஓர் அலசல்

(நமது நிருபர்)

சென்னை:

மயிலாப்பூர் கச்சேரி ரோடு ஆகட்டும், தி.நகர் பர்கிட் ரோடு ஆகட்டும், அடையாறு எல்.பி. ரோடு ஆகட்டும், சாக்கடை பொங்கினால் ஜனங்கள் முதலில் மூக்கைப் பொத்துகிறார்கள். அடுத்து மெட்ரோ வாட்டருக்கு போன் போடுகிறார்கள். லாரி வருகிறது. குழியின் மூடி திறக்கிறது. ஓஸ் உள்ளே போகிறது. தண்ணீர் வடிந்ததும் ‘அப்பாடா’ என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய் விடுகிறோம்.

அந்த லாரியின் பின்பக்கம் தொங்கும் கறுப்பு ரப்பர் குழாய்களை யாராவது உற்றுப் பார்த்ததுண்டா? அதிலே ஒரு மனிதனின் உயிர் தொங்குகிறது என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும்!

அந்த ஒரு குரல்!

வேலை நடக்கும்போது நடுத்தெருவில் ஓஸ் வெடித்தால் என்ன ஆகும்? ஆயில் ரோட்டில் ஓடும். பின்னால் வரும் ஸ்கூட்டர் சறுக்கும். மண்ணைக் கொட்டி அதைச் சமாளித்து விடலாம். ஆனால் மெஷின் நின்று விட்டது. குழி திறந்தே கிடக்கிறது. வீட்டுக்காரர் கத்துகிறார். கடைக்காரர் வியாபாரம் போச்சே என்கிறார். அப்போது கூட்டத்தில் இருந்து ஒரு குரல் கிளம்பும்: “யாராவது இறங்கி ரெண்டு குத்து குத்தி விடுங்கப்பா!”

அந்தக் குரல்தான் எமன். குழிக்குள் இருக்கும் விஷ வாயு கண்ணுக்குத் தெரியாது. அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்து, அந்த நாற்றமும் தெரியாது. இரண்டு மூச்சில் ஆள் சாய்வான். காப்பாற்ற இறங்கியவனும் கூடவே போவான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 வருஷம் வரை ஜெயில், 2 லட்ச ரூபாய் வரை அபராதம். சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் நஷ்ட ஈடு என்று சுப்ரீம் கோர்ட் 2014 மார்ச் 27-ல் சொன்னது. 2023 அக்டோபர் 20-ல் அதையே 30 லட்சமாக்கியது.

சரி, ஆளுக்குப் பதில் மெஷின் என்று முடிவாகி விட்டது. 2024-ல் சென்னையில் 213 நவீன வாகனங்கள் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களிடம் சொந்தமாகவே ஒப்படைக்கப்பட்டன. நேற்று வரை குழியில் இறங்கியவர்கள் இன்று மெஷினுக்கு முதலாளிகள்! பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் மெஷின் ஓடினால்தானே ஆள் இறங்காமல் இருக்கலாம்? மெஷினை முதலில் படுக்க வைப்பது பெரும்பாலும் என்ஜின் அல்ல. ஓஸும் அதன் பிட்டிங்கும்தான்!

தண்ணி ஓஸ், ஆயில் ஓஸ்

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று தண்ணி ஓஸ். குழிக்குள் போய் அடைப்பை உடைப்பது இதுதான். இதன் முனையில் உள்ள நாசில் தண்ணீரைப் பின்பக்கமாகப் பீய்ச்சும். அந்த வேகத்தில் ஓஸ் தானே முன்னால் ஊர்ந்து போகும்.

இன்னொன்று ஆயில் ஓஸ். அதாவது ஹைட்ராலிக் ஓஸ். ஓஸ் சுற்றிய உருளையைச் சுழற்றுவது, டேங்க் கதவைத் திறப்பது, சேறு அள்ளும் வாளியை இயக்குவது எல்லாம் இந்த ஆயிலின் வேலை. உங்கள் பைக்கில் டிஸ்க் பிரேக் இருந்தால், முன் சக்கரத்துக்கு இறங்குமே கறுப்புக் குழாய், அதுவும் இந்த வகைதான்.

கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். ஆயில் ஓஸிலோ 150, 200 பார் கூட ஓடும். நூறு மடங்கு! அதைத் தாங்குவது ரப்பர் அல்ல. ரப்பருக்கு நடுவில் பின்னியிருக்கும் எஃகுக் கம்பி வலை.

பார்த்து வாங்கணும்

கடையில் போய் ‘அரை இஞ்ச் ஓஸ் குடுப்பா’ என்று கேட்டால் போதாது. அரை இஞ்சிலேயே ஒற்றை வலை உண்டு, இரட்டை வலை உண்டு. ஐரோப்பிய தரப்படி ஒற்றை வலை 160 பார் தாங்கும். இரட்டை வலை 275 பார் தாங்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். இன்னொரு கணக்கு: ஓஸ் பருத்தால் தாங்கும் சக்தி குறையும். அதே இரட்டை வலை ஒரு இஞ்ச் என்றால் 165 பார்தான்.

ஓஸின் மேல் ஓடும் எழுத்து வரிசையில் அளவு, அழுத்தம், தயாரித்த காலம் எல்லாம் அச்சாகி இருக்கும். அதுதான் ஓஸின் ஜாதகம். ஜாதகம் இல்லாத ஓஸ் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

பிட்டிங்கிலும் உஷார் தேவை. மரை வகைகள் பல. ஒன்றை இன்னொன்றில் முறுக்கினால் இரண்டு சுற்று ஏறும். பிடித்து விட்டது மாதிரித் தெரியும். அழுத்தம் வந்ததும் பிய்த்துக் கொண்டு போகும். ஒரு கம்பெனி ஓஸுக்கு வேறு கம்பெனி பிட்டிங் போட்டு பிரஸ் செய்வதும் கூடாத காரியம்.

முறுக்காதே, இழுக்காதே!

மாட்டும்போது எழுத்து வரிசை நேர்கோடாக ஓட வேண்டும். அது கொடி மாதிரி சுற்றிக் கொண்டு போனால் ஓஸ் முறுக்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். ஆயுள் சீக்கிரம் முடியும். விறைப்பாகவும் இழுத்துக் கட்டக் கூடாது. அழுத்தத்தில் ஓஸின் நீளம் கொஞ்சம் மாறும், அதற்கு இடம் விட வேண்டும். பிட்டிங்கை ஒட்டியே மடக்கக் கூடாது. இரும்பு விளிம்பில் உரசினால் கிளாம்ப் போட வேண்டும். மாட்டுகிறவர் மூடி இல்லாமல் தரையில் போட்ட ஓஸை அப்படியே பூட்டினால், உள்ளே போன ஒரு சிட்டிகை மண் பம்பையே தின்று விடும்.

கையை வைக்காதே!

ஊசி முனை ஓட்டையில் ஆயில் கசிந்தால் கையால் தடவிப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். உயிரோடு விளையாட்டு இது! அந்த ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான். வலி கூட முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலையே எடுக்க வேண்டி வரலாம். மெஷினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி விட்டுத்தான் தொட வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். ஆயில் குத்தி விட்டால் கட்டுப் போட்டுக் கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரி! கை ஆபரேஷனுக்குப் பேர் போன ஸ்டான்லி இந்த ஊரில்தான் இருக்கிறது.

தேதி எழுதுங்கள்!

மருந்துக்கு காலாவதி தேதி உண்டு. ஓஸுக்கும் உண்டு. ஜெர்மன் தரம் ஒன்று, கடையில் கிடந்த 2 வருஷத்தையும் சேர்த்து மொத்தம் 6 வருஷம் என்கிறது. சென்னை வெயிலில், சாக்கடைத் தண்ணியில், தினசரி வேலையில் அதற்கு முன்பே போய் விடும். மேல் ரப்பரில் வெடிப்பு, கம்பி வெளியே தெரிவது, கொப்புளம், பிட்டிங் அருகே ஈரம், இதில் எது தெரிந்தாலும் ‘டேப் சுத்து, ரெண்டு நாள் ஓடும்’ என்ற பேச்சே கூடாது. அன்றே மாற்ற வேண்டும்.

வழி ஒன்றும் கஷ்டமில்லை. ஓஸ் மாட்டிய தேதியைத் தகட்டில் குத்தி அதிலேயே கட்டலாம். வண்டியில் எப்போதும் ஒரு செட் மாற்று ஓஸ் இருக்கலாம். காலையில் வண்டி கிளம்பும் முன் ஐந்து நிமிஷம் பார்க்கலாம். வேலை கொடுக்கும் அதிகாரிகளும் லாரியின் ஆர்.சி., இன்சூரன்சோடு ஓஸின் தேதியையும் கேட்கலாம். புது ஓஸின் செலவை மெஷின் வைத்திருக்கும் தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டாமல், வாடகைக் கணக்கிலேயே சேர்த்தால் அவர் ஏன் டேப் சுற்றப் போகிறார்?

ஒரு ஆயில் ஓஸ் மாற்ற சில ஆயிரம் ரூபாய். ஒரு சாவுக்கு 30 லட்சம். ரூபாய்க் கணக்கே இப்படி என்றால், போன ஆளை எந்தக் கணக்கில் எழுதுவது?

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் தெருவில் ஓஸ் வெடித்து மெஷின் நின்றால், நாற்றத்தை ஒரு மணி நேரம் பொறுத்துக் கொள்ளுங்கள். வேறு வண்டி வரட்டும். ‘இறங்குப்பா’ என்ற அந்தக் குரல் மட்டும் உங்கள் வாயில் இருந்து வர வேண்டாம்!