உடன் நடக்கும் ஓய்வு



வசந்தகாலம் பிறந்ததும் இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாதைகளில், வழிகாட்டி ஒருவரோடு சிறு குழுக்களாய் மக்கள் நடந்து செல்வதைக் காணலாம். இத்தகைய நடைப்பயண விடுமுறைக்கு வித்திட்டவர் ஒரு போதகர் என்பதை அறிவீர்களா?

லங்காஷயரின் கோல்ன் நகரில் சபைப் போதகராயிருந்தவர் டி. ஆர்தர் லெனார்ட். பஞ்சாலைத் தொழிலாளர்கள் அரும்பாடுபட்டுச் சேமித்த பணத்தைப் பிளாக்பூல் போன்ற கடற்கரை ஊர்களில் ஒரே வாரத்தில் செலவழித்துத் திரும்புவதைக் கண்டு வருந்தினார். வருத்தத்தோடு நின்றுவிடவில்லை. 1891ஆம் ஆண்டில் சுமார் 30 பேரை ஏரி மாவட்டத்திலுள்ள ஆம்பிள்சைடுக்கு அழைத்துச் சென்று, மலைப்பாதைகளில் அவர்களோடு நடந்தார். அம்முயற்சியிலிருந்து 1893இல் கூட்டுறவு விடுமுறைச் சங்கம் பிறந்தது.

எளியோரின் ஓய்வைக் குறைகூறுவது எளிது. அவர்களுக்கு நல்லதோர் ஓய்வை ஆயத்தம்பண்ணி உடன் நடப்பதே மேய்ப்பனின் பணி என்பேன். எம்மாவு வழியில் உயிர்த்தெழுந்த ஆண்டவரும் துக்கமுகமாயிருந்த இருவரோடு நடந்து, முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்டார் அல்லவா?

நம் சபைச் சுற்றுலாக்களில் கட்டணம் செலுத்த இயலாமல் வீட்டிலேயே தங்கிவிடுவோர் உண்டு. ஆகவே இவ்வாண்டு விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யோசிக்குமுன், யாரை உடன் அழைத்துச் செல்லலாம் என்று ஜெபத்தோடு யோசியுங்கள். கர்த்தர் உங்கள் நடைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.