வேகமான கனெக்‌ஷனுக்கு வேண்டாம், ரெண்டாவது டிரைவுக்குக் காசு போடுங்க

ஒரு கிளையன்ட். உங்களை மாதிரி மாசச் சம்பளக்காரர்தான். 2016-ல தன் வீட்டுக்கு மேல ஒரு மாடி கட்டினார். செலவு 12 லட்சம். போன வருஷம் அந்த வீட்டை வித்துட்டு கேபிடல் கெயின் கணக்குக்காக என்கிட்ட வந்தார். "மாடி கட்டின பில் எல்லாம் இருக்கா?"ன்னு கேட்டேன். "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஹார்டு டிஸ்க்ல பேக்கப் வச்சிருக்கேன் சார்"னு பெருமையா சொன்னார். மறுநாள் அந்த டிஸ்க்கை லேப்டாப்ல செருகினா, டக் டக்னு சத்தம் மட்டும்தான் வந்துச்சு.

விசாரிச்சா, லேப்டாப்ல இடம் இல்லைன்னு ஃபைலை எல்லாம் கட் பண்ணி டிஸ்க்ல பேஸ்ட் பண்ணியிருக்கார். பேப்பர் பில் வீடு மாறும்போது தொலைஞ்சு போச்சு. பேங்க் ஸ்டேட்மென்ட்டை வச்சு 4 லட்சத்துக்கு ஆதாரம் காட்ட முடிஞ்சது. சிமென்ட், கம்பி, கூலின்னு ரொக்கமா கொடுத்த மீதி 8 லட்சத்துக்கு ஒண்ணும் இல்லை. அவருக்கு இண்டெக்ஸேஷன் இல்லாத 12.5% கணக்குதான் வரி குறைவா வந்துச்சு. 8 லட்சத்துக்கு 12.5% போட்டுப் பாருங்க: 1 லட்சம் ரூபாய், செஸ் தனி. டிஸ்க்குக்கு வாரண்டி இருந்துச்சு. புது டிஸ்க் கொடுப்பாங்க, காலியா.

அவர் பண்ணது பேக்கப் இல்லை, இடமாற்றம். ஒரே ஃபைல் ரெண்டு இடத்துல இருந்தாத்தான் அது பேக்கப். இதைச் சொன்னா எல்லாரும் தலையாட்டுறாங்க. ஆனா கடைக்குப் போனதும் கேக்குற முதல் கேள்வி, "டைப்-சி இருக்கா? தண்டர்போல்ட் வருமா?"

சரி, அதையும் பார்த்துடுவோம். டைப்-சிங்கறது பிளக்கோட வடிவம், வேகம் இல்லை. அதே வடிவத்துக்குள்ள 480 எம்பிபிஎஸ் யூஎஸ்பி 2.0-வும் ஓடும், 40 ஜிபிபிஎஸ் தண்டர்போல்ட் 4-ம் ஓடும். பேர் வைக்கிறவங்க நம்மளைக் குழப்பணும்னே முடிவு பண்ணிட்டாங்க போல. யூஎஸ்பி 3.0, யூஎஸ்பி 3.1 ஜென் 1, யூஎஸ்பி 3.2 ஜென் 1 மூணுமே ஒண்ணுதான், 5 ஜிபிபிஎஸ். பெட்டியில 3.2-ன்னு பார்த்ததும் புதுசுன்னு நினைச்சு அதிகம் கொடுத்துடாதீங்க.

உள்ளே தட்டு சுத்துற சாதாரண போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 120 எம்பிதான் எழுதும். 5 ஜிபிபிஎஸ் கனெக்‌ஷன்ல நடைமுறையில 400 எம்பி வரைக்கும் போகும். அப்போ அதுக்கு மேல வேகமான போர்ட்டுக்குக் கொடுக்கிற காசு அத்தனையும் வீண். எட்டு வழிச் சாலையில மாட்டு வண்டி ஓட்டுற கதை. ஆனா யூஎஸ்பி 2.0-ல மாட்டிக்காதீங்க. 500 ஜிபி காப்பி பண்ண அதுல சுமார் 4 மணி நேரம், 3.0-ல 1 மணி 10 நிமிஷம். போனோட வர்ற டைப்-சி சார்ஜிங் கேபிள் பெரும்பாலும் 2.0-தான். நல்ல எஸ்எஸ்டி வாங்கிட்டு அந்தக் கேபிள்ல செருகி "ஸ்லோவா இருக்கு"ன்னு திட்டுறவங்களைப் பார்த்திருக்கேன்.

எஸ்எஸ்டி வேண்டாமான்னு கேட்டா, வேலைக்கு வேணும். நம்ம சேனல் வீடியோவை நானே அதுலதான் எடிட் பண்றேன். கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனா வருஷக்கணக்கா கரண்ட் இல்லாம பீரோவுல கிடந்தா அதுல இருக்கிற டேட்டா மெல்ல அழிய வாய்ப்பு உண்டு. பூட்டி வைக்கிறதுக்கு ஹார்டு டிஸ்க்கே போதும், விலையும் குறைவு. ஒரு பெரிய எஸ்எஸ்டி வாங்குற காசுக்கு ரெண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கன்னுதான் நான் சொல்வேன். முடிஞ்சா வேற வேற கம்பெனி, வேற வேற மாசம்.

"எல்லாம் ஐடி போர்ட்டல்லயே இருக்கே சார்"னு சிலர் சொல்வீங்க. 26ஏஎஸ், ஏஐஎஸ் இருக்கு, உண்மை. ஃபார்ம் 16-ஐ உங்க கம்பெனிதான் எடுத்துக் கொடுக்கணும், நீங்களே டவுன்லோடு பண்ண முடியாது. பே ஸ்லிப் ஆபீஸ் மெயில்லதானே வருது? ரிசைன் பண்ற அன்னைக்கு அந்த மெயில் போயிடும். வீட்டு பில், வாடகை ரசீது எந்தப் போர்ட்டல்லயும் இருக்காது. வருமானம் விட்டுப்போனது 50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா, மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சு 5 வருஷம் 3 மாசம் வரைக்கும் பழைய கணக்கைத் திறக்க நோட்டீஸ் வரலாம். வீடு வித்தவங்களுக்கு 50 லட்சம் பெரிய நம்பரே இல்லை.

போட்டோகிராஃபர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கின 3-2-1 கணக்கு நமக்கும் பொருந்தும்: 3 பிரதி, 2 வகை சாதனம், அதுல 1 வேற இடத்துல. வரிப் பேப்பர் எல்லாம் சேர்த்தாலும் சில நூறு எம்பிதான். கூகுள் டிரைவ் இலவசமா கொடுக்கிற 15 ஜிபியிலயே அடங்கிடும். கல்யாண வீடியோ, குழந்தை போட்டோவுக்குத்தான் டிஸ்க்.

வேற இடம்னா பேங்க் லாக்கரைத் தேட வேண்டாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போறீங்க இல்லையா? ஒரு டிஸ்க் ஊர்ல அம்மா பீரோவுல, ஒண்ணு இங்க உங்க வீட்டுல. போகும்போது புதுசா காப்பி பண்ணினதைக் கொண்டு போங்க, அங்க இருக்கிறதை எடுத்துட்டு வாங்க. காப்பி முடிஞ்சதும் கழட்டி வையுங்க. செருகியே இருந்தா, லேப்டாப்ல வர்ற ரான்சம்வேர் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிடும்.

பான், ஆதார் ஸ்கேன் எல்லாம் உள்ள இருக்கிறதால பாஸ்வேர்டு போடுங்க. விண்டோஸ் ப்ரோன்னா பிட்லாக்கர் இருக்கு. அதோட ரெக்கவரி கீயை அதே டிஸ்க்ல சேவ் பண்ணி வைக்காதீங்க. சிரிக்காதீங்க, நான் ஒரு தடவை பண்ணியிருக்கேன்.

இந்த சனிக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, உங்ககிட்ட இப்போ இருக்கிற டிஸ்க்கைச் செருகி, மூணு வருஷத்துக்கு முந்தின ஃபார்ம் 16 ஒண்ணைத் திறந்து பாருங்க. திறக்கலைன்னா, பழைய கம்பெனி ஹெச்ஆருக்கு மெயில் போட இதுதான் நேரம்.