பெயர் பெற முப்பது ஆண்டு

குழுவாக இயங்கும் கலையிலே உழைப்பவர் ஒருவராகவும் பெயர் பெறுபவர் வேறொருவராகவும் இருத்தல் உலகியல்பு. தம் பெயரால் ஓர் இசைத்தட்டு வெளியிட முப்பது ஆண்டுகள் காத்திருந்த கலைஞர் ஒருவரைப் பற்றி இவ்வாரம் கூற விரும்புகின்றோம்.

'ஹார்ட் ரொக்' எனப்படும் மேனாட்டு வல்லிசை நம் இல்லங்களில் இளைஞர்க்கு இன்பமாகவும் முதியோர்க்கு இரைச்சலாகவும் இருந்து வருகின்றது. அவ்விரைச்சலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் 1948இல் பிறந்தவர் ரொனி அயோமி. இடக்கைப் பழக்கமுடையவராதலின், கிற்றாரின் தந்திகளை வலக்கை விரல்களால் அழுத்துபவர். பதினேழாம் வயதில், தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, அங்கிருந்த பொறி அவ்வலக்கையின் இரு விரல் நுனிகளைத் துணித்துவிட்டது. வாசிப்பு இனி இல்லையென்று அவர் மனமுடைந்திருந்த வேளையில், தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹாட்டின் இசைத்தட்டொன்றைக் கேட்கச் செய்தார். தீயினால் இரு விரல்கள் முடங்கிய பின்பும் பெரும்புகழ் ஈட்டிய கிற்றார்க் கலைஞர் அவர்.

அயோமி பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை சமைத்தார். அதன்மேல் தோலை ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தினார். தந்தி தளர்ந்தமையால் விரலுக்கு நோவு குறைந்தது. ஓசையோ கனத்து இருண்டது. அவ்விருண்ட ஓசையே பின்வந்த எத்தனையோ குழுக்களுக்கு வழிகாட்டிற்று.

அவர் இருந்த 'பிளக் சபத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970இல் வெளிவந்தது. பாடகர் பலர் வந்தனர், சென்றனர். அயோமி ஒருவரே இறுதிவரை நின்றார். எனினும் 'செவன்த் ஸ்டார்' என்னும் தட்டைத் தம் பெயரால் வெளியிட அவர் முனைந்தபோது, பழம்பெயரே விலைபோகும் என்பது வணிகரின் கணக்காயிற்று. 1986இல் அது குழுவின் பெயரை முன்தாங்கியே வெளிவந்தது.

ஈற்றில் 2000இல் 'அயோமி' என்ற தட்டு வந்தது. பாடல்கள் பத்து, பாடகரும் பத்துப் பேர். பழைய தோழர் ஒஸி ஒஸ்போர்ன் ஒரு பாடலைப் பாடினார். அவருக்குப் பிந்திய தலைமுறையினரான டேவ் குரோல் முதலியோர் மற்றவற்றைப் பாடினர். பத்துக் குரல்கள் கலந்தமையால் தட்டு ஓருருவாய் அமையவில்லை என்பாருளர். அது முற்றும் பொய்யன்று. ஆயின், குரல் பாட்டுக்குப் பாட்டு மாறினும் கிற்றார் மாறவில்லை. இரண்டு பாட்டுக் கேட்டவர் மூன்றாவதை வாசிப்பவர் யாரென்று ஐயுறார்.

நம் கல்லூரி விழாக்களிலும் நாடகத் தலைவன் பெயரை அச்சிடுகின்றோம். திரை இழுத்தவனையும் ஆர்மோனியம் வாசித்தவனையும் மறந்துவிடுகின்றோம். மாணவர்கள் அடுத்த விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் எழுதும்போது இதனை எண்ணுவாராக. பெற்றோரோ, மகனின் அறைக்கதவைச் சாத்துமுன் ஒரு பாட்டையேனும் முழுவதும் கேட்பாராக.